மிதவை மணி

மோட்டாரைப் போட்டவுடனே திண்டுக்கல்லில் தண்ணீர் விழுந்துவிடாது. மலையடிவாரத்தில் இருந்த எங்கள் பம்ப் ஹவுஸுக்கும் நகரத்தின் உயரத் தொட்டிக்கும் நடுவே பல மைல் நீளத்துக்கு இரும்புக் குழாய் போகிறது. முதல் நாள் மோட்டாரை நிறுத்தியதும் குழாயின் மேட்டுப் பகுதிகளில் இருந்த தண்ணீர் இறங்கி, அந்த இடங்களில் காற்று புகுந்துகொள்ளும். மறுநாள் காலையில் புதுத் தண்ணீர் முதலில் அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அதற்குப் பிறகுதான் தொட்டியில் விழும். அரை மணிக்குக் குறையாமல் ஆகும். அந்த அரை மணிதான் பல வருடங்களாக நான் இன்னொரு மனிதரோடு பேசிய நேரம்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் அங்கே வேலைக்குப் போனேன். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரன். அதற்கு முன் ஒரு பஞ்சு அரவை ஆலையில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி இறந்துவிட்டாள், குழந்தை இல்லை. ஊரில் இருப்பதற்குக் காரணம் எதுவும் இல்லாததால், நகராட்சியின் நீரேற்று நிலையத்தில் மோட்டார் இயக்க ஆள் வேண்டும், அங்கேயே தங்க வேண்டும் என்று சொன்னபோது உடனே ஒப்புக்கொண்டேன்.

ஓடைக்குக் குறுக்கே கரை கட்டித் தேக்கிய தண்ணீர். கரைக்குக் கீழே பம்ப் ஹவுஸ். அதையொட்டி ஓர் அறையும் சமையல் மறைப்பும் கொண்ட என் வீடு. சுற்றிலும் முள்கம்பி வேலி. நகரத்துக்குப் போகும் குழாய் என் வாசலைத் தாண்டித்தான் போனது. ஆனால் வீட்டுக்குக் குழாய் இணைப்பு கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு நகரம் முழுவதற்கும் தண்ணீர் அனுப்பிவிட்டு, எனக்கு வேண்டியதை வேலிக்கு வெளியே இருந்த கிணற்றில் வாளி போட்டு இறைத்துக்கொள்வேன். இதில் குறைப்பட எதுவும் இல்லை. கிணறு வேலிக்கு வெளியே இருந்ததால்தான் நான் தினமும் ஒரு முறையாவது வேலியைத் தாண்டினேன்.

வேலிக்கு அப்பால் இருந்தவர்கள் வெங்காயமும் கத்தரியும் பூவும் பயிரிடுகிற குடும்பங்கள். ஓடை ஓடிய காலத்தில் அவர்கள் நிலங்களுக்கு அது பக்கத்துத் தண்ணீர். கரை கட்டிய பிறகு, நீர் அளவுக் கல்லில் ஒரு கோட்டுக்கு மேல் தண்ணீர் நின்றால் மட்டும் மதகு திறப்பார்கள். மதகு என் பொறுப்பு அல்ல. அதற்கு வேறு துறை, வேறு ஆள். ஆனால் மோட்டார் ஓடும் சத்தம் அவர்கள் வயலுக்குக் கேட்கும். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இருந்தவன் நான். அவர்கள் என்னிடம் சண்டைக்கு வந்ததில்லை. நான் டீக்கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்ததும் மறுபடி தொடங்கும். ஒரு முறை மட்டும், என் காதில் விழ வேண்டும் என்றே ஒருவர் சொன்னார்:

"செத்த நகந்து உக்காருங்கப்பா. டவுனுக்கு ஊத்துற மகராசன் வாராரு. நம்ம மேல தெறிச்சிரப் போகுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். அப்போது அது தோன்றவில்லை. டீக்கடைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

பம்ப் ஹவுஸில் ஒரு டெலிபோன் இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் மறுமுனையில் மணி அடிக்கும் வகை. வேறு எங்கும் பேச முடியாது. குழாய் போகும் வழியிலேயே கம்பங்கள் நட்டு இழுத்த கம்பி நேராக நகரத்துத் தொட்டியின் அடியில் இருந்த சிறு அறைக்குப் போகும். அங்கே தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார். மோட்டாரைப் போட்டதும் நான் அவரிடம் சொல்ல வேண்டும். தண்ணீர் வந்ததும், பிறகு தொட்டி நிரம்பியதும் அவர் என்னிடம் சொல்ல வேண்டும். நிரம்பிவிட்டது என்று அவர் சொன்னபின் நான் மோட்டாரை நிறுத்துவேன். டெலிபோன் வைத்தது இதற்காக மட்டுமே.

முதல் வாரம் இவ்வளவுதான் பேசினோம். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், மோட்டார் போட்டாயிற்று என்று சொன்னதும் அவர் கேட்டார்:

"அண்ணே, இன்னைக்கு என்ன வெஞ்சனம்?"

எனக்குப் புரியவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் அவ்வளவாகக் கிடையாது.

"ஏனுங்க?" என்றேன்.

"தொட்டுக்க என்னன்னு கேட்டேன். சோத்துக்கு."

"ஊறுகாயிங்க."

"அது நேத்து. இன்னைக்கு?"

"இன்னைக்கும் அதுதானுங்க."

அவர் சொன்னார்: "அண்ணே, ஏனுங்க, அதுதானுங்கன்னு எனக்கு இம்புட்டு மருவாதை குடுக்காதீக. எங்க வீட்டுலயே எனக்கு இது கெடையாது. கேட்டுப் பழகிட்டேன்னா அப்புறம் வீட்டுல போயி எதிர்பாப்பேன்."

அவர் திண்டுக்கல் முஸ்லிம். அவருடைய அத்தா, அப்பாவை அவர் அப்படித்தான் சொல்வார், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். நான் அவரைப் பாய் என்று கூப்பிட்டேன். அவர் என்னை அண்ணே என்றார். குரலில் நான் மூத்தவன் போல இருந்திருப்பேன் போலும். நாளடைவில், தண்ணீர் போய்ச் சேரும் வரை டெலிபோனைக் கீழே வைப்பதே இல்லை என்றாகிவிட்டது. தண்ணீர் வருவதற்கு முன் குழாய் வாயில் காற்று சீறும். அது கேட்டவுடன் அவர், "இருங்கண்ணே, வருது" என்பார். கம்பியின் நீளத்துக்கு டெலிபோன் ரிசீவரை ஏணிப் பக்கம் இழுத்துப் போய்த் தொட்டியை நோக்கித் தூக்கிப் பிடிப்பார். பல மைல் தொலைவில் நான் அனுப்பிய தண்ணீர் விழும் சத்தம் எனக்குக் கேட்கும். முதலில் இருமல் போல. பிறகு ஒரே சீராக. வேலை முறையில் அதற்கு அவசியம் எதுவும் இல்லை. அவர் ஒரு நாள்கூட அதைத் தவறவிட்டதில்லை.

நகரத்தில் இந்தத் தண்ணீர் என்ன செய்தது என்பதை நான் அவர் வாயால்தான் தெரிந்துகொண்டேன். நகரத்துக் கிணறுகளில் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது.

"முன்னெல்லாம் பருப்பு வேகுறதுக்குள்ள மாமியாளும் மருமகளும் ரெண்டு சண்டை போட்டு முடிச்சிருவாக அண்ணே. இப்ப ஒரு கொதியில வெந்துருது. சண்டைக்கு நேரம் பத்தாம குழாயடிக்கு வந்து போடுறாக."

இன்னொரு நாள்: "உப்புத் தண்ணி ஊருக்குப் பொண்ணு குடுக்க மாட்டோம்னு சொல்லிக்கிட்டிருந்த ஆளுக எல்லாம் இப்பத் தெருவுல குழாய் இருக்கான்னு பாத்துட்டுப் போறாக. எத்தனை கல்யாணம் உங்களால நடந்துருக்கு தெரியுமா? ஒரு பத்திரிகையாவது வந்துச்சா?"

"வரலீங்க."

"எனக்கும்தான் வரலை. மாப்பிள்ளை வீட்டுக்காரன் குழாய்க்கு மாலை போடுவான், நமக்குப் போட மாட்டான்."

நல்லது மட்டும் சொன்னார் என்றில்லை. தலையில் குடம் வைத்தும் வண்டியில் பீப்பாய் வைத்தும் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியவர்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போனதைச் சொன்னார். பழைய கிணறுகளில் குப்பை கொட்டத் தொடங்கியதைச் சொன்னார். தண்ணீர் வந்த அளவுக்கு அது வெளியே போக வழி யாரும் கட்டாததால் தெருக்களில் சாக்கடை தேங்குவதையும், கொசு வந்ததையும் சொன்னார். "தண்ணி வர்றதுக்குத்தான் குழாய் போட்டாக. போறதுக்கு யாரு போடுறது? அதையும் உங்க பக்கம் திருப்பி அனுப்பிரவா?" என்று சிரித்தார்.

இந்தப் பக்கத்தில் நடந்ததை நான் சொல்வேன். கரைக்குக் கீழே ஓடை இருந்த இடம் வண்டித் தடமாகிவிட்டது. மணலில் சக்கரக் கோடு தெரிகிறது. சுற்றியுள்ள கிணறுகளில் ஆண்டுக்கு ஆண்டு கயிற்றை நீட்டிக் கட்டுகிறார்கள். இதை நான் முதல் முறை சொன்னபோது அவர் எத்தனை கிணறு, எவ்வளவு கயிறு என்று விசாரித்தார். பிறகு கேட்டார்:

"அப்ப நாங்க குடிக்கிறது அவுக தண்ணியா அண்ணே?"

"மழைத் தண்ணிதானுங்க. முன்னே இப்படிப் போச்சு. இப்ப அப்படி வருது."

"அதத்தான் கேட்டேன்."

பேச்சு முடியும்போது அவர் தினமும் "வாரேன்ணே" என்பார். டெலிபோனில் பேசுகிறவர்கள் வைக்கிறேன் என்றுதான் சொல்வார்கள்; இவருக்கு அது வரவில்லை. ஒரு நாள் கேட்டேன்: "ஏனுங்க பாய், இருந்த இடத்துல இருந்துட்டு எப்படீங்க வருவீங்க? வைக்கிறேன்னு சொல்லுங்க."

"வைக்கிறேன்னா வெடி வைக்கிற மாதிரி இருக்குண்ணே. வாசல்ல நின்னு பேசிட்டுக் கெளம்புறப்ப என்ன சொல்லுவோம்? வாரேன். அதுதான் வாய்ல வருது."

நான் மட்டும் கடைசி வரை "வச்சிர்றனுங்க" என்றே சொல்லி வைத்தேன்.

நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். மழை, வெயில், தேக்கத்தின் நீர்மட்டம், மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம் ஆகியவற்றை எழுதாமல் படுத்ததில்லை. இப்படி எழுதி எழுதி, சில வருடங்களில், எந்த நீர்மட்டத்துக்குத் தொட்டி எப்போது நிரம்பும் என்பது எனக்கு மனத்தில் பதிந்துவிட்டது. அவர் சொல்வதற்குச் சற்று முன்பே என் கை ஸ்விட்சுக்குப் பக்கத்தில் போயிருக்கும். உண்மையில் டெலிபோன் இல்லாமலே அந்த வேலையைச் செய்திருக்க முடியும். அதை அவரிடம் நான் சொன்னதில்லை.

ஒரு கோடை மிகவும் மோசமாக இருந்தது. நீர் அளவுக் கல்லில் தண்ணீர் கோட்டை ஒட்டி நின்றது. கீழே வெங்காயம் பிடுங்கும் பருவத்துக்குச் சற்று முன். இரண்டு முறை தண்ணீர் பாய்ந்தால் காய் பருக்கும், கிடைக்காவிட்டால் கோலிக்குண்டாக நின்றுவிடும். டீக்கடையில் என்னைக் கிண்டல் செய்தவரே வேலியருகில் வந்து நின்றார்.

"தினம் அரை மணி முன்னாடி நிப்பாட்டுனா கோட்டுக்கு மேல நிக்கும். மதகு தெறப்பாக" என்றார்.

"தொட்டி நிரம்பிருச்சுன்னு அங்கிருந்து சொல்லணுமுங்க. சொல்லாம நான் நிறுத்த முடியாதுங்க."

"சொம்புத் தண்ணி கேட்டாலும் டவுனைக் கேட்டுத்தான் குடுப்பீக போல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதை மறுநாள் காலையில் பாயிடம் சொன்னேன். அவரிடம் எதையும் கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அவர் "ம்" என்றார். அன்று, என் கணக்குப்படி இன்னும் அரை மணி இருக்கும்போதே டெலிபோன் அடித்தது.

"நெரம்பிருச்சுண்ணே."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"நெரம்பிருச்சுங்களா?"

"நெரம்பிருச்சு. வேணும்னா வந்து பாருங்க."

மோட்டாரை நிறுத்தினேன். அடுத்த சில நாட்களும் அப்படியே. மதகு திறந்தார்கள். நகரத்திலும் அந்தக் கோடையில் தட்டுப்பாடுதான். குழாயடியில் கடைசியாக நின்ற சிலருக்கு அந்த நாட்களில் குடம் நிறைந்திருக்காது. தொட்டியில் குறைந்த கைப்பிடி அளவையும் வயலில் ஏறிய கைப்பிடி அளவையும் எடை போட்டுப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. அவரும் போட்டுப் பார்த்திருக்க மாட்டார். வெங்காயம் பிடுங்கிய வாரத்தில், என் வேலிக் கம்பியில் தாளோடு ஒரு கட்டு வெங்காயம் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டியவரைப் பார்க்கவில்லை. டீக்கடையில் பேச்சு எப்போதும்போல நின்றது.

அதற்கு அடுத்த ஆண்டு பொறியாளர் வந்தார். நல்ல மனிதர், சத்தமாகப் பேசாதவர், மோட்டாரைக் கையால் தொட்டுப் பார்த்து, "பிள்ளை மாதிரி வச்சிருக்கீங்க" என்றார். தொட்டியில் ஒரு மிதவை வைக்கப் போவதாகச் சொன்னார். தண்ணீரோடு மிதவை ஏறும். தொட்டி நிரம்பும் உயரத்துக்கு வந்ததும் அது ஒரு தகட்டைத் தொடும். தொட்டவுடன் என் சுவரில் மணி அடிக்கும். அதற்குத் தனிக் கம்பி வேண்டாம், டெலிபோன் கம்பியே போதும்.

பிறகு என்னைக் கேட்டார்: "வழக்கமா தொட்டி நெரம்ப எவ்வளவு நேரமாகுது?"

நான் சொன்னேன். தேக்கம் நிறைந்திருக்கும்போது இவ்வளவு, பாதியில் இவ்வளவு, கோட்டருகில் இவ்வளவு. காற்று தள்ளும் நேரம் தனி. அவர் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி.

"அப்படின்னா உங்களுக்கு டெலிபோனே தேவையில்லையே!"

சரியாகச் சொல்லப்போனால் தேவையில்லைதான். கேட்ட கேள்விக்கு வேறு பதில் எனக்குத் தெரியாது. "வேலைக்குத் தேவையில்லீங்க" என்றேன். அவர் முதல் சொல்லைக் கவனிக்கவில்லை.

மிதவை வந்த பிறகு பாய் தொட்டியடியில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. காலையில் ஒரு தரம் ஏறித் தண்ணீரில் மருந்து போட்டுவிட்டு, மாலையில் தெருத்தெருவாகப் போய் வால்வு திறந்து மூடும் வேலை அவருக்கு. சம்பளத்தில் மாற்றமில்லை. கம்பியை மாற்றும் இரண்டு நாள் வேலை வியாழக்கிழமை தொடங்குவதாக இருந்தது; அதற்கு முந்தைய நாள் காலையில் கடைசியாகப் பேசினோம். இருவரும் என்றைக்கும் போலவே பேசினோம். வெஞ்சனம் கேட்டார். காற்று சீறியது. ரிசீவரைத் தூக்கிப் பிடித்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்திருந்தார் என்று எனக்குப் பட்டது. கை வலித்திருக்கும்.

நிரம்பியதும் அவர் சொன்னார்: "வெள்ளிக்கிழமை லீவு சொல்லிருக்கேன்ணே. அப்ப வாரேன்."

"வச்சிர்றனுங்க" என்று சொல்ல முடியவில்லை. முதல் முறையாக அவர் சொல்லையே எடுத்துச் சொன்னேன்: "சரீங்க பாய். வாரனுங்க."

வெள்ளிக்கிழமை அவர் என்னைப் பார்க்க வருகிறார் என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை வருடங்களில் என் வீட்டுக்கு யாரும் சாப்பிட வந்ததில்லை. வியாழக்கிழமையே பக்கத்து ஊரான கன்னிவாடிக்குப் போய்க் கத்தரிக்காய், அப்பளம், வாழையிலை, தேங்காய் வாங்கினேன். அவர் வீட்டுப் பிரியாணியைப் பற்றி எவ்வளவோ கேட்டிருக்கிறேன். அதற்கு ஈடாக ஒன்றும் எனக்குச் செய்யத் தெரியாது. ஆனால் இந்தத் தண்ணீர் ஊறுகிற இடத்திலேயே வேகும் பருப்பை அவர் சாப்பிட்டதில்லை. பருப்புக் கடைந்து, கத்தரிக்காய் பொரியலும் புளிக்கூட்டும் வைத்தேன். இரண்டு வெஞ்சனம். இன்னொரு தட்டு இல்லாததால்தான் இலை வாங்கினேன்.

காலைப் பஸ்ஸில் வரவில்லை. ஜும்மா தொழுதுவிட்டு வருவார் என்று நினைத்தேன். மத்தியானப் பஸ்ஸிலும் வரவில்லை. அது வளைவில் நின்றது, இரண்டு பெண்கள் இறங்கினார்கள், போயிற்று. அடுத்தது மாலையில்தான். அதற்கும் வேலியருகில் நின்றேன். அதில் யாரும் இறங்கவே இல்லை. சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். பொரியலை மறுநாளும் சாப்பிட்டேன்.

சனிக்கிழமையிலிருந்து மணிதான். அது நன்றாக வேலை செய்தது. தொட்டி நிரம்பியதும் அடிக்கும். நான் மோட்டாரை நிறுத்தினால் சற்று நேரத்தில், தண்ணீர் இறங்கியதும், ஓயும். அரை மணி முன்னதாக அது ஒரு நாளும் அடிக்காது. மிதவைக்கு வெங்காயம் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நகரத்தில் கடைசியாக நிற்பவர்களின் குடமும் இப்போது நிறைகிறது. காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு அந்த அரை மணி என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. டெலிபோன் இருந்த இடத்தில் சுவரில் நான்கு துளைகள் இருந்தன. அவற்றைச் சுண்ணாம்பு வைத்து அடைத்தேன். ஒரு வாரம் அதில் போயிற்று.

கோபம் இருந்தது என்றும் சொல்ல வேண்டும். வருகிறேன் என்று சொல்லி வராமல் போனவர்மேல் வரும் கோபம்.

இரண்டு மாதம் கழித்து, கம்பியைச் சரிபார்க்கிற லைன்மேன் வந்தார். ஏணியில் ஏறி நின்றுகொண்டே சொன்னார்: "தொட்டிப் பாய் உங்க மேல வருத்தமா இருக்காரு தெரியுமா?"

"என் மேலயா? எதுக்குங்க?"

"வெள்ளிக்கிழமை வாரேன்னு சொல்லிட்டு ஏமாத்திட்டீகளாம். பிரியாணி ஆக்கி வச்சுட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கும் வீட்டுக்கும் நடந்திருக்காரு. இது வரைக்கும் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு இப்படி ஆனதில்லைன்னு சொன்னாரு."

நான் அவரைக் கீழே இறங்கச் சொல்லி, மறுபடி சொல்லச் சொன்னேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். வெள்ளிக்கிழமை லீவு, அப்ப வாரேன். லீவு என்று அவர் சொன்னது, அன்று வீட்டில் இருப்பேன், வாருங்கள் என்று எனக்குத் தெரிவிக்க. அதற்கப்புறம் வந்த 'அப்ப வாரேன்', தினமும் சொல்லும் வாரேன்தான். அது அவருடைய 'வைக்கிறேன்.' என்றைக்கும் வச்சிர்றேன் என்கிற நான் அன்று வாரேன் என்றதும், வரத்தான் போகிறேன் என்று அவர் எண்ணிவிட்டார். ஒரே நாளில் இரண்டு முனையிலும் இலை போட்டுக் காத்திருந்திருக்கிறோம். டெலிபோன் இருந்திருந்தால் மறுநாள் காலையிலேயே தெரிந்திருக்கும்.

அடுத்த நாள் மோட்டாரை நிறுத்திவிட்டுத் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினேன். வால்வு திறக்கும் நேரம் எனக்குத் தெரியும். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு தெருவில் குடங்கள் வரிசையாக நின்றன. குரல்தான் முதலில் வந்தது:

"ஏம்மா, தண்ணி வரட்டும், அப்புறம் அடிச்சுக்கங்க. இப்பவே அடிச்சுக்கிட்டா குடத்தை யாரு தூக்குறது?"

நான் அவரைத் தாட்டியான ஆளாக நினைத்திருந்தேன். ஒல்லியாக, குள்ளமாக, தாடி பாதிக்கு மேல் நரைத்த ஒருவர், நீளமான இரும்புச் சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போய், "ஏனுங்க பாய்" என்றேன்.

அவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணே?" என்றார். பிறகு, "இதென்னண்ணே, உங்களைவிட நாந்தான் மூத்தவன் போலருக்கே! இத்தனை வருசமா அண்ணே அண்ணேன்னு கூப்புட வச்சுட்டீகளே!"

"நான் எங்கீங்க கூப்பிடச் சொன்னேன்?"

"நீங்க வாரேன்னும்தான் சொன்னீக."

"நீங்கதானுங்க சொன்னீங்க."

"நான் தினமும் சொல்றேன். நீங்க ஒரு நாள் சொன்னா அதுக்கு அர்த்தம் வேறல்ல?"

இருவரும் சிரித்தோம். டீக்கடைக்குக் கூட்டிப்போனார். எதிரெதிரே உட்கார்ந்தோம். அதற்குப் பிறகு என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் எப்படி ஓடுகிறது என்று கேட்டார். நன்றாக ஓடுகிறது என்றேன். உடம்பு எப்படி என்று நான் கேட்டேன். கிளாஸ் காலியாகிவிட்டது.

அடுத்த தெருவுக்கு நடந்தோம். அங்கே வால்வுக் குழியின் மூடியை எடுத்துவிட்டுக் குனிந்து சாவியைத் திருப்பத் தொடங்கினார். எனக்கு அவர் முதுகு மட்டும் தெரிந்தது. குழிக்குள்ளிருந்து குரல் வந்தது:

"இன்னைக்கு என்ன வெஞ்சனம் அண்ணே?"

"அன்னைக்கு ரெண்டு வச்சிருந்தனுங்க" என்றேன்.

அதற்குப் பிறகு பேச்சு வந்துவிட்டது. அந்தத் தெரு, அதற்கடுத்த தெரு என்று அவர் குழிகளில் குனிந்துகொண்டும் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டும் கடைசி பஸ் நேரம் வரை பேசினோம். ஒரு குழியில் அவர் சொன்னார், தொட்டியில் மிதவையைத் தினமும் பார்ப்பதாக. "நான் பாத்த வேலையை அது பாக்குது. கோவிச்சுக்கவும் முடியலை. நல்லா மெதக்குது."

பஸ் ஏறும்போது அவர், "சரிண்ணே, வாரேன்" என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அடிக்கடி போக முடியவில்லை. மோட்டாரை விட்டு அப்படி வருவது முறையல்ல, பஸ்ஸும் ஒத்துவராது. அவரும் வரவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு நாள் காலையில், மோட்டாரைப் போட்டுச் சிறிது நேரமே ஆகியிருந்தது. குழாயில் காற்றுகூடத் தள்ளி முடிந்திருக்காது. சுவரில் மணி அடித்தது. கம்பியில் ஏதோ பழுது என்று எழுந்தேன். நின்றுவிட்டது. பிறகு மறுபடி, சின்னதாக ஒன்று. தொட்டி நிரம்ப இன்னும் எத்தனையோ நேரம் இருந்தது. மிதவை அந்த உயரத்துக்கு வந்திருக்க வழியே இல்லை, யாராவது கையால் தூக்கினால் ஒழிய.

அது அவர் மருந்து போட ஏறும் நேரம்.

மறுநாளும் அடித்தது. அதற்கு மறுநாளும். அடிக்கும்போது நான் எழுந்து நிற்பேன். பதில் சொல்ல எனக்கு வழியில்லை. கம்பியின் என் முனையில் மணி மட்டும்தான் இருக்கிறது. "ஊறுகாய்தானுங்க" என்று ஒரு நாள் சுவரைப் பார்த்துச் சொன்னேன். சொன்ன பிறகு வெளியே யாரும் இருக்கிறார்களா என்று பார்த்தேன்.

போன மாதம் பொறியாளர் வந்தார். மிதவை பொருத்தியதில் அவருக்கு இன்னும் பெருமை. மற்ற ஊர்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்களாம். நேரம் தவறி மணி அடித்தால் உடனே தெரிவிக்க வேண்டும், மிதவையைக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டிவிடலாம் என்றார். பிறகு கேட்டார்:

"மணி சரியா அடிக்குதா?"

நான் யோசித்தேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் நான் சொல்ல வேண்டும்.

"அடிக்குதுங்க. ஒரு நாளும் நேரம் தவறினதில்லீங்க" என்றேன்.

நேற்றும் இன்றும் காலையில், மருந்து போடும் நேரத்து மணி அடிக்கவில்லை. இரண்டு நாளாக இங்கே மழை, அங்கேயும் பெய்திருக்கும். தொட்டியின் இரும்பு ஏணி நனைந்தால் வழுக்கும், அவருக்கும் வயதாகிறது. மேற்கே மலைப்பக்கம் இப்போது வெளுத்திருக்கிறது. நாளை வெயில் வரும் போலிருக்கிறது.